கப்பல் மிசினும் பிரிக்காத பொட்டலமும்

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. வாங்கினதும் முதல் வேலையாக உறையை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டின இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தேன், வழியில் யாராவது பிரித்து வாசித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த வீட்டில் சந்தேகப்படுவதற்கென்றே ஒருத்தியை வைத்திருக்கிறீர்கள், அவள் தன் வேலையைச் செய்கிறாள். கட்டினால் சிதம்பரம் மாமா பெண் மீனாட்சியைத்தான் கட்டுவேன் என்று எழுதியிருக்கிறாய். திருச்சியில் நீ வேலை பார்க்கிற தெருவும் அவள் டீச்சர் ட்ரெயினிங் படித்த தெருவும் எவ்வளவு பக்கம் என்று எனக்கு எப்போதோ தெரியும், அதனால் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கடைசியில் எழுதியிருந்தாயே, "ஒனக்கு அவுகளைக் கண்டாலே ஆகாது, அதனாலதான் பூக் கட்டிப் பாக்கணும்னு அப்பாவைத் தூண்டிவிட்டிருக்க" என்று, அதுதான் சுருக்கென்று தைத்தது. பூக் கட்டிப் பார்ப்பது என் யோசனை இல்லையடா. உங்கப்பா யோசனை. வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் மடித்துவைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வதாம். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் பேச்சை விட்டுவிடுவதாம். சாமி தலையில் இதை ஏன் கட்டுகிறார் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் நீ அந்தக் கோயில் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

நம் மில் மிசினை ஊரில் எல்லோரும் கப்பல் மிசின் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. கறம்பக்குடியில் கடல் ஏது, கப்பல் ஏது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உலகச் சண்டை முடிந்தபிறகு படகுகளில் இருந்து கழற்றின டீசல் இன்ஜின்களை நாகப்பட்டினத்துப் பக்கம் ஏலம் விட்டார்கள். சமஸ்தானம் போய் நாமெல்லாம் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷம், உங்கப்பாவும் சிதம்பரம் மாமாவும் கூட்டாகப் போய் ஒரே மாதிரி இரண்டு இன்ஜின்களை எடுத்துவந்தார்கள். இவருக்கு அரிசி மில் வைக்க ஆசை. அவருக்குக் கோட்டைப்பட்டினத்தில் மீன்பிடி லாஞ்சு விட ஆசை. இரண்டும் ஒரே அச்சு. ஆனால் ஒன்று சாம்பல் நிறப் பெயிண்டு அடித்துப் பளபளவென்று இருந்தது. மற்றொன்று துருப்பிடித்து, பார்க்கவே அழுக்காக இருந்தது. எது யாருக்கு என்று இரண்டு பேரும் வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டால் சிநேகிதம் கெட்டுப்போகுமாம். பிள்ளையார் கோயிலில் பூக் கட்டிப் பார்த்தார்கள். எடுக்கிற பொட்டலம் சிதம்பரம் மாமாவுக்கு, வெள்ளை என்றால் பெயிண்டு அடித்தது, சிவப்பு என்றால் துருப்பிடித்தது. எடுத்த குழந்தை நீதான். உனக்கு மூன்று வயசு. வெள்ளைப் பூ வந்தது.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சந்தேகம். பூ எடுப்பதற்கு முன் உன்னை மடியில் வைத்துக் கடலைமிட்டாய் ஊட்டிக்கொண்டிருந்தவர் யார்? சிதம்பரம் மாமா. காதில் என்ன சொன்னாரோ, எந்தப் பக்கம் கையை நீட்டச் சொன்னாரோ. நல்ல மிசின் அவருக்குப் போனது, துருப்பிடித்தது நமக்கு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் உங்கப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவன் எனக்கு மச்சான் மாதிரி. நீ உன் நெழலையே சந்தேகப்படுறவ" என்றார். ஊரும் அதைத்தான் சொன்னது. அவர் யாரையும் நம்புகிறவர், அதனால் நல்லவர். நான் யாரையும் நம்பாதவள், அதனால் பொல்லாதவள். அந்தக் கணக்கை நானும் ஒத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தினேன். சிதம்பரம் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இலையில் பாதி வைத்துவிட்டு எழுந்துவருவேன்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் நம் மிசின் உடைந்தது. உடைந்தது என்று உனக்கு ஒரு வரி எழுதினோம், நடந்ததை எழுதவில்லை. கடலுக்கென்று செய்த இன்ஜின் அது. கடலில் இருந்தால் சுற்றிலும் தண்ணீர், குளிர வைப்பதற்குக் குறைவே இல்லை. இங்கே பாவம், மில்லுக்குப் பின்னால் நாம் கட்டின சிமெண்டுத் தொட்டியை நம்பிப் பிழைத்தது. சித்திரை வெயிலில் தொட்டி வற்றினதை ஒருவரும் பார்க்கவில்லை. மிசின் சூடேறிப் புகைந்ததும் நெல் அரைக்க வந்த பெண்கள் பதறிப்போய், வெயிலில் சுருண்டு விழுந்த மாட்டுக்கு ஊற்றுவார்களே, அந்த மாதிரி ஆளாளுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக அதன்மேல் கவிழ்த்துவிட்டார்கள். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்று இன்ஜின் டிரைவர் சந்தனம் கத்தினது நம் வீடுவரைக்கும் கேட்டது. அதற்குமேல் ஒரு சத்தம் கேட்டது, அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இன்ஜினின் உடம்பு, அதைத்தான் பிளாக்கு என்பார்கள், பிஸ்டன் ஓடுகிற பெரிய வார்ப்பு, மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. அது வார்ப்பிரும்பு, பற்றவைத்தால் நிற்காது என்று சந்தனம் கையை விரித்துவிட்டார். கடைத்தெருவில் அப்போதுதான் கரண்டில் ஓடுகிற மில் ஒன்று வந்திருந்தது. அடுத்த அறுவடைக்குள் நம்முடையது ஓடாவிட்டால் நெல் வண்டியெல்லாம் அங்கிட்டுத் திரும்பிவிடும், அப்புறம் இங்கிட்டு வராது. உன் படிப்பு, நம் சாப்பாடு எல்லாம் அந்த இரும்புக்குள்தான் இருந்தது.

அந்த மாடலே இப்போது செய்வதில்லை என்று ஏஜெண்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உங்கப்பா திருச்சிக்குப் போனார், மதுரைக்குப் போனார், பழைய இரும்புக்கடை ஒன்று விடவில்லை. திருச்சியில் ஒரு பிளாக்கு கிடைத்துவிட்டது என்று அவர் சந்தோஷமாக வந்து சொன்னதும், மறுநாளே நானும் சந்தனத்தோடு பஸ் ஏறிவிட்டேன். பொம்பளைக்கு இரும்புக்கடையில் என்ன வேலை என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளாக்கைப் பார்த்தால் புதுப்பெண் மாதிரிப் பெயிண்டு. பழைய சாமானுக்கு எதற்கடா இவ்வளவு அலங்காரம் என்று சாவிக்கொத்தால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் சாந்து, சாந்துக்கு அடியில் கை நீளத்துக்கு விரிசல். "சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்மா, எனக்குத் தெரியாது" என்றார் அவர். சூடம் அவர் மேஜை டிராயரிலேயே இருந்தது. வந்தவழியே திரும்பிவிட்டோம்.

இத்தனையிலும் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நம் இன்ஜினோடு கூடப்பிறந்த மாதிரி இன்னொன்று கோட்டைப்பட்டினத்தில் இருக்கிறதே, அங்கே ஏன் இந்த மனுஷர் போகவில்லை? யாரையும் நம்புகிறவர், மச்சான் மச்சான் என்று உருகுகிறவர், அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். கடைசியில் கருவாட்டு லாரிக்காரர் மூலமாகச் சிதம்பரம் மாமாவே சொல்லியனுப்பினார், லாஞ்சுக்கு லோன் போட்டுப் புது மிசின் வைத்தாகிவிட்டது, பழையது சும்மாதான் கிடக்கிறது, வந்து பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கேட்காமலே கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். உங்கப்பாவைத் தனியாக அனுப்பினால் எதைக் கொடுத்தாலும் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். சந்தனத்தையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக அறந்தாங்கி வழியாகப் போய் இறங்கினோம்.

"வாங்க தங்கச்சி, நல்லா இருக்கீங்களா?" என்று வாசல்வரை வந்து கூப்பிட்டார் சிதம்பரம் மாமா. நான் பிளாக்கு எங்கே என்று கேட்டேன். கடற்கரைக் கொட்டகையில் கழற்றித் துடைத்து வைத்திருந்தார்கள். துடைத்து வைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. உப்புத்தண்ணீர் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறதோ யார் கண்டது. "மண்ணெண்ணெய் ஊத்திப் பாக்கணும் அண்ணே" என்றேன். பிளாக்கின் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற பொந்து இருக்கிறது அல்லவா, அதன் வாய்களையெல்லாம் கட்டையால் அடைத்துவிட்டு உள்ளே மண்ணெண்ணெயை நிரப்பி, வெளியே சுண்ணாம்பு பூசிக் காயவிட வேண்டும். தண்ணீர் கசியாத இடத்திலும் மண்ணெண்ணெய் கசியும். மயிரளவு விரிசல் இருந்தாலும் சுண்ணாம்பில் ஈரக்கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். டிரைவர் சந்தனம் சுண்ணாம்பைப் பூசிமுடித்ததும் பிளாக்குக்கு எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. நான் அந்தப் பக்கம் போனதும் கோடு விழுந்த இடத்தில் யாராவது இன்னொரு கை சுண்ணாம்பு பூசிவிட்டால்?

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அப்போதுதான் பாவாடை தாவணியில் மீனாட்சி வந்தாள். "அத்தை, நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னொரு பெட்டியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப நானும் இங்கனயே இருக்கேன். நான் தொடலைங்குறதை நீங்க பாருங்க. நீங்க எதையாச்சும் ஊத்திட்டு ஒழுகுதுன்னு சொல்லலைங்குறதை நான் பாக்குறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என் ஜாதகத்தில் பிறந்த ஒரு பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன் மகனே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு அங்கேயே மீன்குழம்புச் சோறு சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப்போன இடத்தில் மணலில் பாதி புதைந்து ஒரு இரும்பு கிடந்தது. லாஞ்சுக் கயிற்றை அதில்தான் கட்டியிருந்தார்கள். அதுவும் பிளாக்கு மாதிரி இருக்கிறதே என்றேன். "ஆமா, எங்க பழைய பிளாக்கு" என்றாள் மீனாட்சி. அப்படியென்றால் கொட்டகையில் இருப்பது? "அது அப்பா நாகப்பட்டினத்துல ஒடைச்ச லாஞ்சுல இருந்து தேடிக் கொண்டாந்து மாட்டுனது. இது மொத வருசமே வாயப் பொளந்துருச்சாம். வாங்கையிலேயே ஒட்டுப்போட்டதாம் அத்தை. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்ற பயமே அவள் முகத்தில் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணலில் உட்கார்ந்து சாவிக்கொத்தால் சுரண்டினேன். அதே சாம்பல் பெயிண்டு, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நின்றபோது பளபளத்த அதே பெயிண்டு. அதன் அடியில் அரை முழத்துக்கு இரும்புத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தது. அவருக்குக் கிடைத்தது நல்ல மிசின் என்று நான் இத்தனை வருஷம் வயிறெரிந்தேனே, அது உடைசல். நமக்கு வந்த துருப்பிடித்ததுதான் நல்லது. சந்தேகத்தைக் கழற்றிவைக்க வேண்டிய இடம் அது. எனக்கோ அங்கேதான் அது வேறு பக்கம் திரும்பியது. பூக் கட்டுவதற்கு முந்தின நாள் காலை முழுக்க அந்த இரண்டு இன்ஜின்களையும் தனியாக நின்று மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினது யார்? உங்கப்பா. கழுவினவர் கைக்கு அந்தத் தகடு தட்டுப்படாமலா போயிருக்கும்? கோயிலில் வாழையிலையைக் கிழித்துப் பூவைப் பொட்டலம் கட்டினது யார்? அதுவும் உங்கப்பா. நம் ஊரில் பூக் கட்டிப் பார்த்தால், எடுத்த பொட்டலத்தைப் பிரித்தபிறகு மற்றதையும் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டுவார்கள், இரண்டும் ஒரே பூ இல்லை என்று தெரிவதற்காக. அன்றைக்கு வெள்ளைப் பூ வந்ததும் இவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துக் குளத்தில் வீசிவிட்டு, "சரி, சாமி சொல்லிருச்சு" என்று நடந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் கண் முழுக்கச் சிதம்பரம் மாமாவின் கடலைமிட்டாயில் இருந்ததால் அது கண்ணில் பட்டும் மனசில் ஏறவில்லை.

சிதம்பரம் மாமா வந்து எனக்குப் பின்னால் நின்றார். "வாங்கையிலேயே ஒட்டுன்னு தெரிஞ்சும் ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன். "பூ விழுந்துச்சு, எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் என்ன தங்கச்சி பேச்சு?" என்றார். உங்கப்பா செய்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த முகத்தில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொட்டகையில் உங்கப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தனத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாய்ந்தபோது சுண்ணாம்பில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. மீனாட்சி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "பாத்தாச்சா அத்தை?" என்றாள். பார்த்தாச்சு என்றேன்.

கருவாட்டு லாரியிலேயே பிளாக்கை ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியில் உங்கப்பாவிடம், "அன்னைக்கு அந்த ரெண்டாவது பொட்டலத்தை ஏங்க பிரிக்கலை?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எந்தப் பொட்டலம்?" என்றார். என்றைக்கு என்று கேட்கவில்லை பார், எந்தப் பொட்டலம் என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். மில் அறுவடைக்கு முன்னால் ஓடியது, நீ படித்து முடித்தாய். ஒரு மாசம்வரை நம் மில் அரிசியெல்லாம் கருவாடு மணக்கிறது என்று ஊரே கேலி செய்தது.

நான் சொல்வதற்கு அத்தாட்சி இல்லை. அந்தப் பொட்டலம் குளத்தில் மட்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. உங்கப்பா கெட்டவர் என்று உனக்குச் சொல்லவரவில்லை. என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை, உன்னை ஒரு வார்த்தை வைததில்லை, பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்பியதில்லை. அந்த மில்லை வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரே ஒரு இடத்தில் கை கோணிப்போயிருக்கும். எல்லோரையும் நம்புகிற மனுஷனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதில் இருக்கிற சௌகரியம் இதுதான். நீயும் அவர் மாதிரித்தான். சிரித்த முகம், யார் எது சொன்னாலும் சரி சரி என்பாய், உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே உனக்குப் பக்கத்தில் கேட்கிறவள் ஒருத்தி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். மீனாட்சி உன் சட்டைப்பையைத் துழாவினால் கோபப்படாதே. எங்கே போனாய் என்று கேட்டால் நேராகப் பதில் சொல். அவள் சந்தேகப்படுகிறவரைக்கும் உன்னை விட்டுப் போக மாட்டாள் என்று அர்த்தம், என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

உங்கப்பாவுக்குச் சிதம்பரம் மாமாவைச் சம்பந்தி என்று எதிரில் உட்காரவைத்து வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்ளப் பயம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, காரணம் சொல்ல வேண்டுமே. அதனால் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு வந்துவிட்டால் அவர் பிழைத்தார். நீயும் அந்தப் பெண்ணும் வாழ்நாள் முழுக்க சாமி குத்தம் என்று நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் சிதம்பரம் மாமா உடைசலைத் தலையில் தூக்கிச் சுமந்தது போதும், அவர் பெண்ணும் சுமக்க நான் விட மாட்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது, வெள்ளிக்கிழமை பூப்பொட்டலத்தை நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "சரி, நீயே கட்டு" என்றார். நந்தியாவட்டைச் செடியில் நிறைய மொட்டு விட்டிருக்கிறது. நீ வியாழக்கிழமையே வந்து சேர். கோயிலில் எதைப்பற்றியும் கவலைப்படாமல் நில், எந்தக் குழந்தை எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளைதான் வரும். மற்றப் பொட்டலத்தை நான் குளத்தில் வீச மாட்டேன். பிள்ளையார் காலடியிலேயே, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருப்பேன். அதைப் பிரித்துக் காட்டு என்று உங்கப்பா கேட்கட்டும்.

கேட்க மாட்டார்.

உன் ஆத்தா